காற்றை மறைக்காதே

யாஞ்ஜிமாவுக்குக் காற்றின் மேல்கூட இத்தனை கோபம் வரவில்லை. ஊதுவது காற்றின் பிழைப்பு, ஊதிவிட்டுப் போகட்டும். மனிதர்கள்தான் அவளைப் படுத்தி எடுத்தார்கள்.

சோய்பல்சான் நகரத்திலிருந்து கிளம்பி இது ஐந்தாவது நாள். கெர்லென் ஆற்றை ஒட்டி மேற்கே, ஒரு புதர்கூட இல்லாத புல்வெளியில் தனியாகச் சைக்கிள் மிதிக்கிறாள். வடமேற்குக் காற்று வலது கன்னத்தில் அறைந்துகொண்டே இருக்கிறது. இந்த லட்சணத்தில் வழியில் வந்த லாரி, ஜீப் ஒன்று விடாமல் நின்றது.

"குதிரை செத்துப்போச்சாம்மா?"

"புருஷன் துரத்திட்டானா?"

"ஏறு ஏறு, இந்த இரும்பையும் தூக்கிப் போட்டுக்கலாம்."

வேண்டாம் என்றால் ஒருவரும் நம்புவதில்லை. ஒரு லாரிக்காரர் அரை மணி நேரம் கூடவே ஊர்ந்து வந்து மன்றாடினார். நல்லவர்கள் தொல்லை தாங்க முடியவில்லை.

ஏறினால் பழுப்பன் போய்விடும். தன் பதினான்கு வயதில் அவளே ஏறிப் பழக்கிய குதிரை. இப்போது அதற்கு இருபத்திரண்டு வயது. அண்ணன் ஜிக்மெத் அதை இறைச்சி வியாபாரிக்குப் பேசி முடித்திருந்தான். "கிழடு. ரெண்டு கிலோமீட்டர் போனா மூச்சு வாங்குது. வர்ற குளிரைத் தாங்காது" என்றான். சோய்பல்சானில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கும் யாஞ்ஜிமா ஃபோனிலேயே கத்தித் தீர்த்தாள்.

"அவ்வளவு அக்கறையா? அப்ப அங்கேருந்து சைக்கிள்லயே வா. யார் வண்டியிலயும் யார் குதிரையிலயும் ஓரடிகூட ஏறக் கூடாது. சனிக்கிழமை வியாபாரி வர்றதுக்குள்ள வந்துட்டா அது உன் குதிரை. சாகுற வரைக்கும் என் மந்தையிலயே மேயட்டும்."

முந்நூறு கிலோமீட்டர். ஊர் எல்லையைக்கூடத் தாண்ட மாட்டாள் என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை அது.

வெள்ளிக்கிழமை மதியம், இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, பல்தான் என்ற பெரியவர் தன் கூடாரத்திலிருந்து ஓடி வந்து கைகளை விரித்துப் பாதையை மறித்தார். தேநீர் குடிக்காமல் விட மாட்டாராம். உப்புத் தேநீரும் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டும் வயிற்றில் விழுந்ததும், உட்கார்ந்த இடத்திலேயே கண் செருகிவிட்டது.

விழித்து வெளியே வந்தால் சைக்கிளைக் காணோம். அது நின்ற இடத்தில் சேணம் போட்ட சாம்பல் குதிரை ஒன்று நின்றது.

"பெரியவரே, என் சைக்கிள் எங்க?"

"ஜிக்மெத் தங்கச்சிதானே நீ? உங்க அண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு ஜீப் போச்சு, ஏத்தி அனுப்பிட்டேன்" என்றார் பல்தான், முகமெல்லாம் சிரிப்பாக. "விருந்தாளி குதிரை களைச்சுப்போனா நம்ம குதிரையக் குடுக்கிறதில்லையா? தொட்டுப் பாத்தேன் மகளே, முன் சக்கரம் அப்படியே தளந்து கெடந்துச்சு. பாவம்."

வாயில் வந்ததை எல்லாம் விழுங்கினாள். பெரிய மனிதர், சோறு போட்ட வீடு. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. ஃபோனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடிக் குன்றின் மேல் ஓடினாள்.

"வந்துருச்சு" என்றான் ஜிக்மெத், சிரிப்பை அடக்க முடியாமல். "சைக்கிள் வந்துருச்சு, நீதான் வரல. பேசாம பல்தான் குதிரையில ஏறி வா."

"மாட்டேன். என் சைக்கிள் இங்க வரணும். அது வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பேன். வியாபாரி வந்து குதிரையக் கொண்டுபோனான்னா, செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"ஏய், ஜீப்பும் போயிருச்சுடி..."

அவள் ஃபோனை அணைத்தாள். பல்தான் மூன்று முறை தேநீர் கொண்டுவந்தார். மூன்று முறையும் ஆறிப்போனது.

நிழல் நீளத் தொடங்கியபோது மேற்கே ஒரு சவாரி தெரிந்தது. சேணத்தின் குறுக்கே சைக்கிளைக் கட்டிக்கொண்டு, சக்கரம் தாடையில் இடிக்க, ஜிக்மெத் திட்டிக்கொண்டே வந்தான். அடியில் இருந்தது பழுப்பன்.

"மத்ததெல்லாம் மேய்ச்சல்ல. வியாபாரிக்காகக் கட்டி வெச்சிருந்த இது ஒண்ணுதான் கையில கெடச்சுது" என்றான் கேட்காமலே. "தொடை ரெண்டும் போச்சு. புடி உன் இரும்பு ஆட்ட."

"ரெண்டு கிலோமீட்டர்ல மூச்சு வாங்கும்னியே?"

அவன் குனிந்து சைக்கிளை அவிழ்த்தான்.

முன் சக்கரத்துக்குக் காற்றடித்துவிட்டு அவள் மறுபடி மிதித்தாள். கொஞ்ச தூரத்திலேயே மிதி லேசானது. திரும்பிப் பார்த்தால், பழுப்பன் வலது பக்கம் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்தபடி வருகிறது.

"அண்ணே, தள்ளிப் போ! காத்த மறைக்காத. அப்புறம் உதவி வாங்கினேன்னு பந்தயத்தை மாத்துவ."

"மாத்த மாட்டேன்டி."

"மாத்துவ. உன்னத் தெரியாதா? அந்தப் பக்கம் போ."

கடிவாளத்தை இழுத்து இடது பக்கம் போனான். பத்து நிமிடத்தில் குதிரை மறுபடி வலது பக்கம் நின்றது. மீண்டும் விரட்டினாள். மூன்றாம் முறை பிரேக்கைப் பிடித்து இறங்கியே கத்தினாள். ஜிக்மெத் கடிவாளத்தை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினான்.

"என்னைய ஏன் திட்டுற? நானும் இழுத்து இழுத்துப் பாத்துட்டேன். உன் குதிரை, நீயே சொல்லிக்கோ."

யாஞ்ஜிமா பழுப்பனின் நெற்றியைத் தடவிவிட்டாள். இன்னும் பதினாறு கிலோமீட்டர் இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏறி மிதித்தாள்.