மைக்கில் சொன்ன சாட்சி

சித்தூரில் ஸ்டான்லியின் தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. ஏர்பேட்டுக்கு அருகே ராணுவத்துக்குக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. பாதுகாப்பு அனுமதி ஒன்றுதான் பாக்கி. அதற்கான படிவத்தில் இரண்டு கேள்விகள் அவனை மடக்கின. எப்போதாவது கைதானதுண்டா? தவணை தவறிய கடன் உண்டா?

"சங்கராந்தி கோழிப்பந்தயத்துல புடிச்சாங்களே, அத எழுதுங்க. போன் ஆப்புல வாங்கி தவண தவறின கடனையும் எழுதுங்க. அதான் இப்ப மாசாமாசம் கட்டிக்கினு வர்றோமே" என்றாள் மனைவி ஈவ்லின்.

"ஃபைன் கட்டினதோட கேஸ் முடிஞ்சிபோச்சி. எழுதினா எவன் வேல குடுப்பான்? நீ சும்மா இரு."

இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைப்பவனுக்குச் சோறு எப்போதும் நிறைய இருப்பதாகவே தோன்றும்.

விசாரிக்க வந்த அதிகாரி கிரண்குமார் முதலில் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே இருந்த ஜெயகுமாரியும் ஸ்டான்லி போகும் அதே கிறிஸ்தவ சபைதான். எப்படியாவது அவனுக்கு நல்லது செய்துவிட வேண்டும் என்று அவளுக்குத் துடிப்பு.

"தங்கமான புள்ள சார்! சூதாட்டத்துல கெட்டுப்போயி, போலீஸ் புடிச்சி, கடன்காரங்க வாசல்ல நின்னு கத்தி... அதுலருந்து கர்த்தர் தூக்கிவிட்டாருன்னு போன வருசம் சபையில சாட்சி சொன்னாரு. மைக்குல சொன்னாரு சார்! நாங்கல்லாம் அழுதுட்டோம்."

அவள் மனதில் களங்கமே இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டு ஸ்டான்லி வீட்டுக்கு வந்து, கேஸையும் கடனையும் பற்றிக் கேட்டறிந்தார். தெலுங்கும் தமிழுமாகத்தான் பேசினார்; ஸ்டான்லிக்கு இரண்டும் நன்றாகவே புரிந்தன.

"கேஸ் சின்னது. கடனும் கட்டிக்கினு இருக்கீங்க. ரெண்டையும் எழுதியிருந்தா, விசாரிச்சிட்டு அனுமதி குடுத்தாலும் குடுத்திருப்பாங்க. ஆனா ஒண்ண மறைக்கிற ஆள, அதையே சொல்லி எவனாவது மிரட்டலாம். ரகசியம் இருக்கிற எடத்துல அப்படிப்பட்டவர எப்படிம்மா நம்பறது? நான் உள்ளத உள்ளபடிதான் அனுப்பணும்" என்று ஈவ்லினிடம் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அனுமதி மறுக்கப்பட்டது. வேலை கைநழுவியது.

"அந்தக்கா வாயாலதான் கெட்டேன்" என்று ஸ்டான்லி குமுறினான்.

ஈவ்லின் விடவில்லை.

"அவங்கள ஏன் திட்றீங்க? சபையில உண்மைய சொன்னீங்க, அல்லேலூயா கெடச்சிது. இங்க சொன்னா வேல போயிடுமோன்னு பயந்து பொய் எழுதினீங்க. நஷ்டம் வரும்னு தெரிஞ்சும் உண்மைய சொல்றதுதாங்க சாட்சி."