இரண்டு நொடி டெஸ்ட்

நிரல் சரியா என்று பார்க்க சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பி, இரண்டு நொடி காத்திருந்து, அதற்குள் பதில் வந்திராவிட்டால் சிவப்பு விளக்கைப் போடும் டெஸ்டை எழுதிய மகானுபாவன் நான்தான். டெஸ்ட் ஓடும் இயந்திரத்தில் வேலை குவிந்தால் பதில் வர இரண்டரை நொடி ஆகும் என்பது என் ஞானக்கண்ணுக்குப் படவில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண், அந்தச் சிவப்பை நம்பி, தப்பே இல்லாத தன் நிரலை மூன்று நாளாகப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வேலையை விடப்போகிறாள் என்று பேச்சு வேறு.

நான்காம் நாள்தான் எனக்கு அது உறைத்து, அவள் மேஜைக்குப் போனேன். "தப்பு உன் மேல இல்லம்மா, என் டெஸ்டுலதான். அஞ்சு நொடியா மாத்திடறேன்."

"எத்தனை போட்டாலும் ஒருநாள் பத்தாமப் போகும் சார். பதில் வந்த உடனே அடுத்ததுக்குப் போற மாதிரி எழுதுங்க. வரவே இல்லைன்னாதான் கடிகாரத்தைப் பார்க்கணும். அதுக்கு ஒரு நிமிஷம் தாராளமா விட்டாலும் நேரம் வீணாகாது."

அப்படியே எழுதி நூறு தடவை ஓட்டினோம். நூறும் பச்சை, என் முகம் மட்டும் சிவப்பு.

"வேலையை விடப்போறியாமே, நிஜமா?"

"நேத்து வரைக்கும் எனக்கு வேலை தெரியலைன்னு நினைச்சேன். உங்களுக்குத்தான் தெரியலைன்னு இன்னைக்குப் புரிஞ்சுபோச்சு. போகல சார்."