கையெழுத்துக்கு அடங்காத விதைகள்

ஒரு மாதமாகியும் எங்கள் ஆய்வுக்கூடத்தில், உப்பு மண் தட்டில் போட்ட முள்மர விதைகள் முளைக்கவில்லை.

"இந்த மண்ல வராது. பரவற ஆபத்தில்லன்னு அறிக்கை எழுதுங்க," என்றார் இயக்குநர்.

"தோல் கெட்டி சார். சூடு பட்டு வெடிச்சா வந்துடும். வெந்நீர்ல போட்டுப் பாக்கலாமா?"

"எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

இருபது வருடமாக விதைகளைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் நான். இருந்தும் அவர் சொன்னபடியே அறிக்கை எழுதினேன். அதில் அவரே கையெழுத்துப் போட்டார். விதைகளைப் பின்பக்கக் குப்பையோடு எரிக்கவும் சொன்னார். எரித்தேன்.

முதல் மழைக்கே பின்பக்கத்தில் அவர் கார் நிறுத்தும் இடமெல்லாம் முள்கன்றுகள்.

"யார் பண்ணின வேலை இது?" என்று எரிந்து விழுந்தார்.

அறிக்கையை நீட்டினேன். "இதெல்லாம் முளைக்கவே இல்ல சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."