பச்சை மாவு

திட்ட மேலாண்மைப் பிரிவில் வேலை பார்த்த எல்லோருடைய முகமும் ஒரு திங்கட்கிழமை காலையில் நிறம் மாறியிருந்தது. ஒழுங்காக நடக்கும் வேலைக்குப் பச்சை, தள்ளாடும் வேலைக்கு மஞ்சள், படுத்துவிட்ட வேலைக்குச் சிவப்பு என்று வாராந்திர அறிக்கையில் அவர்கள் வருடக்கணக்காகப் போட்டுவந்த அதே நிறங்கள்தான். அறிக்கையில் சிவப்பைக் கண்டால் மேலாளர், "கொஞ்சம் பாசிட்டிவா போடுங்கப்பா" என்று பச்சையாக்கிவிடுவார். ஆண்டவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மேலாளரை விட்டால், தினமும் நேரத்துக்குக் கிளம்பிவிடுவதால் 'ஆறுமணி' என்று கேலிப்பெயர் வாங்கியிருந்த சோதனையாளர் ஒருவர்தான் பச்சை. ஒருங்கிணைப்பாளர் அக்கா பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தார்.

சிவப்பு எங்கே போய் முடியும் என்பது சீக்கிரமே தெரிந்தது. கால அட்டவணை போடுபவர் சிவந்து, பிறகு கறுத்து, ஒருநாள் சொந்த மனைவியைப் பார்த்து, "நீங்க எந்த டீம்?" என்று கேட்டார். நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. களைப்பைப் போக்கச் சனிக்கிழமைதோறும் தியான வகுப்பு வைத்தது. வராதவர்கள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். பெரிய வாடிக்கையாளர் வருகிறார் என்றதும் ஆளுக்கொரு டப்பா பச்சை மாவும் கொடுத்தது.

வருகைக்கு முந்தின நாள் அக்கா கண்ணாடி முன் நின்று மாவைப் பூசிப் பார்த்தார். காதோரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. மகளிடம் போய் எந்த டீம் என்று கேட்டுவிடுவோமோ என்ற ஒரே பயத்தில் அள்ளி அள்ளி அப்பியதில், மாவெல்லாம் புடவையில் கொட்டியது. அந்தப் பக்கம் வந்த ஆறுமணி நின்றார்.

"அக்கா, அந்த ரெண்டு வேலைய என் பேருக்கு மாத்திட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

"உனக்கென்னப்பா, மணி அடிச்சா கிளம்பிடுவ."

"அதனாலதான் உங்களுக்குக் கொடுக்க என்கிட்ட கொஞ்சம் மிச்சம் இருக்கு."

வேலை கைமாறியதும் ஆறுமணியின் கன்னத்தில் லேசாக மஞ்சள் படர்ந்தது. மகளைக் கட்டிக்கொண்டு விடியும்வரை தூங்கி எழுந்த அக்காவின் காதோரக் கறுப்பு சிவப்புக்குத் திரும்பியிருந்தது.

மறுநாள் கூட்டத்தில் ஏசி நின்றுபோனது. எல்லா முகங்களிலும் மாவு வழிந்தது. மேலாளருடையது மட்டும் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. யாரும் டப்பா கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவர் பூசிவந்திருக்கிறார். உள்ளே கழுத்துவரை கரி. வாடிக்கையாளர் கைக்குட்டையை எடுத்துத் தன் முகத்து மாவையும் துடைத்துக்கொண்டு, "வேலைய ஒரு மாசம் கழிச்சே முடிச்சுக் கொடுங்க, ஒண்ணும் முழுகிப் போயிடாது" என்றார்.

அக்கா மேலாளரின் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி அணைத்தார்.

"சார், வீட்டுக்கு வழி ஞாபகம் இருக்கா?"

அவர் யோசித்தார். "இருந்துச்சும்மா."

அக்காவும் ஆறுமணியும் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். கதவைத் திறந்தவரைப் பார்த்து அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு கேட்காமல் தன் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டார்.

தியான வகுப்பு இன்னும் நடக்கிறது. அந்த நகரத்துப் பேருந்துகளில் சிவந்த முகம் ஒன்று ஏறினால், யாராவது எழுந்து இடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்கிறார்கள்.