கிள்ளாத கொழுந்து

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவர், போன மழைக்காலத்தில் தான் பழுது பார்த்த லிஃப்டுக்குள்ளேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். சிறுநீரகத்தில் கல். வீட்டில் என்னென்ன சமைப்பேன் என்று டாக்டர் கேட்டார். பசலைக்கீரை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அதை மொதல்ல நிறுத்துங்கம்மா. இன்னொரு கல் வந்தா ஆபரேஷன்தான்."

அது கொடியாகப் படராமல் நிமிர்ந்து வளர்கிற பசலை. ஒரு தண்டை ஒடித்து மண்ணில் குத்தினால் போதும், பிழைத்துக்கொள்ளும். இலையைக் கிள்ளினால் விரல் நனையும். என் தையல் மெஷினை ஒட்டிய பால்கனியில், ஏழு பெயிண்ட் டப்பாக்களில் வளர்த்துவந்தேன். எனக்கு அந்தக் கீரை என்றால் உயிர். ஆனால் அவருக்கு ஆகாததை எனக்கு மட்டும் சமைத்துத் தின்ன மனசு வருமா? கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டிதான். ஏழு டப்பாச் செடியையும் பிடுங்கிப் பையில் கட்டி, அவர் கையிலேயே கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னேன். அன்று முழுக்கத் தையல் கோணல் மாணலாகத்தான் போனது.

மூன்று மாதம் ஓடியது. போன செவ்வாய்க்கிழமை அவருடைய வேலைச் சட்டைக்குப் பொத்தான் வைக்க எடுத்தேன். பையிலிருந்து கடுகைவிடச் சின்னதாக, மினுமினுவென்று கறுப்பு விதைகள் மடியில் உதிர்ந்தன. வருஷக்கணக்கில் நான் பால்கனியில் கூட்டித் தள்ளிய பசலை விதை, எனக்கா தெரியாது?

மனுஷன் எனக்குத் தெரியாமல் தின்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அன்று லிஃப்டில் கிடந்த அந்த முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஊசியைத் துணியில் குத்திவிட்டு, அவர் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு நேராகப் போனேன்.

வாட்ச்மேன் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

"அண்ணன் மொட்டை மாடில இருக்காருக்கா. தெனமும் மத்தியானம் டிபன் பாக்ஸ எடுத்துட்டு அங்கதான் போவாரு. ஏதோ கீரை வச்சிருக்காரு."

லிஃப்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். எட்டு மாடி. மாடிக்கு ஒரு வசவாகத் தயார்செய்துகொண்டே ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது வசவு இருந்தது, மூச்சுதான் இல்லை.

தண்ணீர்த் தொட்டி நிழலில் வரிசையாக உடைந்த வாளிகள். அவர் குத்துக்காலிட்டு, டிபன் பாக்ஸில் தண்ணீர் மொண்டு ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டார்.

நான் செடிகளைப் பார்த்தேன். அத்தனையும் ஒற்றைத் தண்டாக முழங்கால் உயரத்துக்கு ஓடி, உச்சியில் பூவும் காயுமாக நின்றன. கீரை கிள்ளித் தின்கிற வீட்டில் செடி இப்படி நிற்காது. ஒரு கொழுந்தைக் கிள்ளினால் பக்கத்தில் இரண்டு கிளைக்கும், குட்டையாகப் புதர் கட்டும். இவற்றில் ஒரு கொழுந்தைக்கூட யாரும் தொடவில்லை.

"நீங்க சாப்பிடலையா?"

"சத்தியமா இல்ல. டாக்டர் சொன்னாருல்ல."

"அப்புறம் எதுக்கு இந்தத் தோட்டம்?"

அவர் வாளியின் விளிம்பைத் துடைத்தார். "எனக்குத்தானே ஆகாது. உனக்கு என்ன வந்துச்சு? கீரை இல்லாம நீ சோத்த அளைஞ்சுட்டு உக்காந்திருக்கறத மூணு மாசமாப் பாக்குறேன். சொன்னா இதையும் பிடுங்கிப் போட்டுருவ. நல்லா பெருசா வளத்து ஒரு நாள் கொண்டாந்து கொடுத்துரலாம்னு..."

"பெருசா வளர்றதுக்கு இதென்ன தென்னையா? கிள்ளக் கிள்ளத்தாங்க தழைக்கும்."

"நீ ஆசையா வச்ச செடி. ஒடிக்க மனசு வரல."

தயார்செய்து வைத்திருந்த எட்டு வசவில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதை மறைக்கக் குனிந்து வாளி வாளியாகக் கொழுந்தை ஒடித்து முந்தானையில் போட்டேன். ஒவ்வொரு ஒடிப்புக்கும் அவர் முகம் சுருங்கியது.

அன்று சாயங்காலம் எங்கள் அடுப்பில் முதல்முறையாக இரண்டு சட்டி. அவருக்குச் சுரைக்காய், எனக்குக் கீரை. அவர் தன் தட்டை மறந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"பூ விட்ட கீரை. ஒரே நார்" என்றேன். இந்த மனுஷனிடம் பொய் சொல்ல எனக்கு வராது. சட்டியில் மிச்சம் இருந்ததையும் வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டேன்.