மூன்று சொம்பு மஞ்சள் தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, தை மாதம். மேச்சேரிக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறைக் கரட்டின் மேல் பட்டாளத்துக்காரர்கள் நாங்கள் நாலு பேர் காவல் இருந்தோம். மேட்டூர் அணைமேல் குண்டு போட ஜப்பான்காரனின் விமானம் வந்தால் அதை முதலில் பார்த்து, சேலத்துக்கு டெலிபோனில் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. ஜப்பான்காரன் வருவதாகத் தெரியவில்லை. நாலு மாதமாக நாங்கள் பார்த்ததெல்லாம் பருந்துகள்தான். அவற்றையும் நான் மணி போட்டு நோட்டில் எழுதி வைத்தேன். எழுதாவிட்டால் ஹவில்தார் கண்ணுசாமி விடமாட்டார்.

ஹவில்தார் திருச்செங்கோட்டுக்கு மேற்கே காவிரிக் கரையில் நெல் விதைக்கிற குடும்பம். எதையும் சட்டப்படி செய்வார், குளிப்பதைக்கூட. சமையல் பார்த்த தங்கசாமி வெண்ணந்தூர் நெசவாளி. ஹவில்தார் பகலை இரவு என்றால் விளக்கைத் தேடுகிற ஆள். சென்றாயனுக்குக் கரட்டின் கீழே இருக்கும் ஊர்தான் சொந்த ஊர். எந்தப் புண்ணியவான் அவனைச் சொந்த ஊரிலேயே காவலுக்குப் போட்டானோ தெரியாது. அவன் அக்கா சாலம்மாளின் ஆட்டுப்பட்டி எங்கள் கூடாரத்திலிருந்து கூப்பிடு தூரம். நான் அருணகிரி, ராசிபுரம். எட்டாவது வரை இங்கிலீஷ் படித்த பாவத்துக்கு டெலிபோனும் நோட்டும் என் தலையில் விழுந்தன.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அது வானத்திலிருந்து இறங்கியது. கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அண்டாவைக் கவிழ்த்தது போல ஒரு பெரிய செம்பு உருண்டை, சத்தமே இல்லாமல் வந்து, வறண்ட ஏரிக்குள் உட்கார்ந்தது. அதிலிருந்து ஒன்று வெளியே வந்தது. இடுப்பு உயரம். ஈரக் களிமண் நிறம். நாலு கால், இரண்டு கை, கைக்கு மூன்று நீள விரல்கள். தங்கசாமி பயந்துபோய்த் துப்பாக்கியை அழுத்திவிட்டான். குண்டு எங்கோ போனது. அது ஒரு சாண் கோலை எடுத்து எங்கள் பக்கம் நீட்டியது. நாங்கள் ஒளிந்திருந்த பாறையில் ஒரு ஓட்டை விழுந்தது. இந்தப் பக்கம் கண்ணை வைத்தால் அந்தப் பக்கம் மேட்டூர் ரோட்டில் போகிற மாட்டு வண்டி தெரிந்தது. பாறையின் கனம் எட்டு முழம்.

ஹவில்தார் அந்த ஓட்டையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இதே கோலை அணைக்கு நேராக நீட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார். அவருடைய வீடும் வயலும் மட்டுமல்ல, காவிரிக் கரையில் இருக்கிற அத்தனை ஊரும் போய்விடும். சேலத்துக்குப் போன் போட்டேன். வெள்ளைக்காரக் கேப்டன் துரை முதலில் நான் குடித்திருக்கிறேனா என்று கேட்டார். பிறகு ஹவில்தாரே போனை வாங்கித் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் 'எஸ் சார்' என்றதும் நம்பினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவதாகவும், அதற்குள் அந்தப் பிராணி செத்துக் கிடக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

இதற்குள் பிராணி எங்களை விட்டுவிட்டு நேராகச் சாலம்மாளின் பட்டிக்குப் போயிருந்தது. அங்கே ஒரு ஆடு குட்டி போட முடியாமல் காலையிலிருந்து முக்கிக்கொண்டு கிடந்தது. சாலம்மாள் கைவிட்டுவிட்ட நேரம். பிராணி ஆட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த மெல்லிசான விரல்களை உள்ளே விட்டு, குட்டியைத் திருப்பி இழுத்து வெளியே போட்டது. குட்டி கத்தியது, தாயும் பிழைத்தது. சாலம்மாள் யோசிக்கவே இல்லை. பிராணிக்கு உப்புக்கட்டி ஒன்றை நக்கக் கொடுத்து, கழுத்தில் ஒரு கயிறு போட்டு, மற்ற ஆடுகளோடு கட்டிவிட்டாள். ஓட்டை போடத் தெரிந்த அந்தப் பிராணிக்குக் கயிற்றை அவிழ்க்கத் தெரியாதா என்ன? ஆனாலும் அது பேசாமல் நின்றது. வியாழக்கிழமை பார்த்தபோது அதன் தோல் மேச்சேரி ஆட்டின் செம்பழுப்பாகவே மாறியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், கெடு முடியப்போகிறது என்று ஹவில்தார் எங்களை இறக்கிக் கூட்டிப்போனார். பட்டியின் மூங்கில் படலுக்கு முன்னால் சென்றாயன் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தபடி நின்றான். முந்தின நாள் சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனவன் திரும்பி வந்திருக்கவில்லை.

"ஒதுங்கு சென்றாயா" என்றார் ஹவில்தார்.

"மாட்டேனுங்க. இது எங்க பட்டியில ஒரு உசுரக் காப்பாத்துச்சு. இதச் சுடறதுன்னா மொதல்ல என்னச் சுட்டுட்டுப் போங்க."

யுத்த காலத்தில் மேலதிகாரி சொல்லை மீறினால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கேப்டன் காதுக்குப் போனால் சென்றாயனுக்கு ஜெயில் நிச்சயம். துரையின் கோபத்தைப் பொறுத்து அதற்கு மேலும் நடக்கலாம். ஹவில்தார் என்னைத் திரும்பிப் பார்த்து, அவனுடைய துப்பாக்கியை வாங்கச் சொன்னார். நான் அசையவில்லை. ஹவில்தார் சொல்வதும் நியாயம், சென்றாயன் சொல்வதும் நியாயம். யார் பேசினாலும் எனக்கு அவர் பேசுவது சரியாகவே படும். இது பிறவிக் கோளாறு, இதற்காக அப்பாவிடம் எவ்வளவோ வாங்கியிருக்கிறேன். ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் இப்படித் துப்பாக்கியும் கையுமாக எதிரெதிரே நிற்பதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்தது.

அப்போதுதான் சாலம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். சாணிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சாவகாசமாகக் கேட்டாள்.

"ஏனுங்க அவில்தாரய்யா, ஒரு கெடாய வெட்டறதுக்கே தண்ணி ஊத்திக் கேக்கறோம். நீங்க கேக்காமயே சுடறேங்கறீங்க. இது எந்த ஊரு நாயமுங்க?"

அது கிடாய் இல்லை என்றார் ஹவில்தார். பட்டியும் தன்னுடையது, கயிறும் தன்னுடையது, பின்னே அது என்னவாம் என்றாள் அவள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோயிலில் கிடாய் வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். கிடாய் உடம்பை ஒரு உதறு உதற வேண்டும். துலுக்குவது என்று சொல்வார்கள். துலுக்கினால் அது சம்மதம் சொல்லிவிட்டதாகக் கணக்கு. மூன்று தரம் ஊற்றியும் துலுக்காவிட்டால் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். எவ்வளவு பெரிய ஆளானாலும் கேட்காமல் வெட்டமாட்டான். ஹவில்தாரும் வருஷா வருஷம் கிடாய் வெட்டுகிற குடும்பம்தான்.

அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். தை மாதத்துக் குளிரில் தலையோடு தண்ணீர் விழுந்தால் எந்த ஜீவன் உதறாமல் இருக்கும்? அவர் ஆயுசில் துலுக்காத கிடாயைப் பார்த்ததே இல்லை. துலுக்கினால் சென்றாயன் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும், துலுக்காவிட்டால் தான் சுடுவதில்லை என்று சொன்னார். சென்றாயனும் சரி என்றான்.

பானையில் மஞ்சளைக் கரைத்து வேப்பிலை போட்டார்கள். படலைத் திறந்தார்கள். முதல் சொம்பைச் சாலம்மாள் ஊற்றினாள். தெறித்த தண்ணீரில் பக்கத்திலிருந்த ஆடுகள் வரிசையாக உதறின. துலுக்கிவிட்டது என்று தங்கசாமி குதித்தான். அது ஆடு, இது அப்படியே நிற்கிறது என்று சாலம்மாள் அவனை அடக்கினாள். இரண்டாவது சொம்பையும் அவளே ஊற்றினாள். பிராணி தன்மேல் ஒட்டியிருந்த வேப்பிலையைப் பொறுக்கித் தின்றது. மூன்றாவதை ஹவில்தாரே வாங்கி, உச்சந்தலையில் மெதுவாக விட்டார். அது கண்ணை மூடிக்கொண்டது. எண்ணெய்க் குளியலுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி சுகமாக நின்றதே தவிர, ஒரு மயிர்க்கால் அளவுகூட அசையவில்லை.

இனி ஹவில்தார் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும். அவர் வைக்கவில்லை. வாக்கு மாறுகிற ஆள் இல்லை அவர்; அந்தப் பாறை ஓட்டை அவர் கண்ணை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். பிடித்த பிடியை இறுக்கிக்கொண்டே நின்றார்.

பிராணி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. பிறகு அவர் கையிலிருந்த சொம்பை மெல்ல வாங்கியது. பானையில் மொண்டது. முன்னங்கால் இரண்டையும் படல்மேல் வைத்து எக்கி, ஹவில்தார் தலையில் ஊற்றியது. மறு கையில், காலடியில் கிடந்த அந்தக் கோலை எடுத்துப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தது.

எங்களுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. சாலம்மாள்தான் முதலில் புரிந்துகொண்டாள். "அசையாதீங்க சாமி. அதும் கேக்குதுங்க" என்றாள் மெதுவாக.

ஹவில்தார் அசையவில்லை. இரண்டாவது சொம்பு விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. காக்கிச் சட்டை உடம்போடு ஒட்டியது. மீசையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது. காவிரிப் பக்கமிருந்து ஊதல் காற்று அடித்தது. அவருடைய கையில் மயிர் குத்திட்டு நிற்பதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். பல்லைக் கடித்த கடியில் தாடை துடித்தது. துண்டை எடுத்துக்கொண்டு ஓடிய தங்கசாமியைச் சாலம்மாள் தடுத்துவிட்டாள். துடைத்தால் கணக்கில் வராது என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

அப்போது சென்றாயன் படலை விட்டு நகர்ந்தான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்து, காற்று அடிக்கிற பக்கத்தில் ஹவில்தாரை ஒட்டி நின்றான். அவர்மேல் காற்று படாமல் முதுகால் மறைத்துக்கொண்டான். இப்போது படலுக்குக் காவல் இல்லை. ஹவில்தார் நினைத்தால் அந்த நிமிஷமே சுடலாம். அது அவருக்கும் தெரிந்தது, சென்றாயனுக்கும் தெரிந்தது. ஹவில்தார் கண்ணை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்ததும் எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்ற குழப்பம் போய்விட்டது. நானும் போய்ச் சென்றாயன் பக்கத்தில் நின்றேன். தங்கசாமியும் வந்து நின்றான். மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு சுவர் வைத்தோம்.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. கடைசியில் பிராணி கோலைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது. ஹவில்தாரும் குனிந்து துப்பாக்கியை அதன் பக்கத்தில் வைத்தார். நிமிர்ந்தார். அவ்வளவு நேரம் அடக்கிவைத்த குளிர் மொத்தமாகக் கிளம்பி, உச்சி முதல் பூட்ஸ் வரை அவர் உடம்பு ஒரு உதறு உதறியது. எங்கள் மேலெல்லாம் தண்ணீர் தெறித்தது.

எங்கள் கண்ணெல்லாம் அந்தக் கோலுக்குப் போனது. பிராணி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தது. பிறகு தானும் தலையிலிருந்து கால் வரை ஒரு பெரிய உதறு உதறியது. சாலம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். அடுத்து ஹவில்தார் சிரித்தார். நாலு மாதத்தில் அன்றுதான் அவருடைய பற்களைப் பார்த்தேன். இரண்டு பேரும் சாகச் சம்மதம் சொல்லிவிட்டார்கள், கொல்லத்தான் அங்கே ஒருவருக்கும் மனம் இல்லை. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தப் பிராணியும் கொதிக்கிற பானை மாதிரி ஒரு சத்தம் போட்டது. அதுவும் சிரிப்புதான் என்று நான் சத்தியம் செய்வேன்.

வந்தவருக்குச் சாப்பாடு போடாமல் அனுப்ப முடியுமா? சாலம்மாள் கேழ்வரகுக் களி கிண்டி உருட்டிக் கொடுத்தாள். அது இரண்டு உருண்டை தின்றது. பிறகு கயிற்றைத் தானே அவிழ்த்து, ஒழுங்காகச் சுருட்டி அவள் கையில் கொடுத்தது. கோலை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் நடந்தது. உருண்டை எழும்பி, அணைப் பக்கம் திரும்பாமல், நேராக மேலே போய்ப் புள்ளியாகி மறைந்தது. பதினோரு மணி, அணைக்குச் சேதமில்லை என்று நோட்டில் எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்குக் கேப்டன் ஜீப்பில் வந்தார். ஏரியில் பள்ளம் இருந்தது, பாறையில் ஓட்டை இருந்தது, பிராணி இல்லை. ஹவில்தார் மஞ்சள் கறையோடு விறைப்பாக சல்யூட் அடித்தார். துரை குதித்தார். ஏன் சுடவில்லை, உத்தரவை மீறினவன் யார், இந்த நிமிஷமே அவன் பெயர் வேண்டும் என்றார். நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சென்றாயன் ஒரு அடி முன்னால் வந்தான்.

ஹவில்தார் கையை நீட்டி அவனை வரிசைக்குள் தள்ளினார். பிறகு என்னிடம் சொன்னார்: "என்ற ஆளுக மூணு பேரும் நான் சொன்னதத்தான் செஞ்சாங்க. சுட வேண்டாம்னது நான்தான். இத ஒரு வார்த்தை கொறைக்காம சொல்லு அருணகிரி."

குறைக்காமல் சொன்னேன். என் இங்கிலீஷ் அவ்வளவு தெளிவாக வந்தது அன்று ஒரு நாள்தான். துரை அங்கேயே அவர் சட்டைக் கையிலிருந்து ஒரு பட்டையைப் பிடுங்கி எடுத்து, அவரை ஹவில்தார் பதவியிலிருந்து நாயக்காக இறக்கிவிட்டுப் போனார்.

யுத்தம் முடிந்து அவரவர் ஊருக்குப் போகும் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அவரை அவில்தாரய்யா என்றேதான் கூப்பிட்டோம். துரை வந்திருக்கிற நாட்களில் சென்றாயன் மட்டும் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுவான்.