குரல் போன போதகர்

போதகரின் தொண்டையில் இருந்தது புற்றுநோய்தான் என்று தெரிந்தபோது சபையே அழுதது. உயிர் தப்ப வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது. கழுத்தின் அடியில் ஒரு துளை போட்டு, மூச்சு போய்வர அதையே வழியாக்கியிருந்தார்கள். பேச்சு அடியோடு போய்விட்டது.

அவர் பேச்சுக்குப் பேர்போனவர். மைக் மக்கர் பண்ணினால்கூடக் கடைசி பெஞ்சு வரைக்கும் குரல் கணீரென்று போகும். ஜெபிக்க எழுந்தால் மடை திறந்த மாதிரிதான். கல்யாண வீடுகளில், "கொஞ்சம் சுருக்கமா ஜெபிங்க ஐயா, சாப்பாடு ஆறிடும்" என்று யாராவது காதில் கிசுகிசுக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவர் கட்டில் ஓரமாக முழங்கால் போட்டார். கண்ணை மூடினார். மனதுக்குள் புதிதாக ஒன்றும் வரவில்லை. மேடையில் சொல்லும் அதே வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றைச் சொல்ல வாயும் இல்லை, கேட்கக் கூட்டமும் இல்லை. யாரும் கேட்காத ஒரு ஜெபத்தைக் கடைசியாக எப்போது செய்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

நாள் தவறாமல் முயன்றார். முழங்கால் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள், பேச்சுக்குப் பதிலாக வைத்திருந்த சிலேட்டை எடுத்து, "நான் இத்தனை வருஷம் ஜெபித்தது யாரிடம்?" என்று எழுதி மனைவியிடம் நீட்டினார்.

கணக்கு டீச்சரான அவள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்; அதைப் படித்ததும் கைப்பையைக் கீழே வைத்தாள். "என்னங்க இது, இப்படியெல்லாம் கேக்குறீங்க? உடம்பு தேறட்டும். கண்டதையும் யோசிக்காதீங்க" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அழுதது அவள்தான். அவருக்கு அழுகைகூட வரவில்லை. அவள் போனதும், போதக ஊழியத்தை விட்டு விலகுவதாகச் சபையை நிர்வகிக்கும் மூப்பருக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். ஜெபிக்கத் தெரியாதவனுக்குச் சபை எதற்கு?

அந்த நேரத்தில்தான் கதவு இடிபட்டது.

திறந்தால், சபையைச் சேர்ந்த, சட்டைக் கம்பெனியில் தைக்கிற பெண். தோளில் நூல் துணுக்குகள் அப்படியே ஒட்டியிருந்தன; தையல் மெஷினை விட்டு எழுந்து ஓடி வந்திருக்கிறாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக்.

"ஐயா, அவர் விழுந்துட்டாரு. லிஃப்ட் குழிக்குள்ள. ஐசியூல வச்சிருக்காங்க. உதவிப் போதகர் வெளியூர் போயிட்டாராம், போனே போகல. நீங்க வாங்க ஐயா. வந்து மனசுக்குள்ளயாவது ஜெபம் பண்ணுங்க."

அவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். தலையை ஆட்டினார். சிலேட்டில் "என்னால் ஜெபிக்க முடியாது" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினார்.

அவள் அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், எட்டப் பிடித்தாள், மறுபடி கிட்டே கொண்டுவந்தாள். "கண்ணாடிய மெஷின் மேலயே வச்சிட்டு வந்துட்டேன் ஐயா. எதா இருந்தாலும் வழியில பாத்துக்கலாம், வாங்க" என்று சிலேட்டை அவர் கையிலேயே திணித்துவிட்டு அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மறுக்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஐசியூவுக்கு வெளியே நீளமான நடை. பினாயில் நாற்றம். சுவரோரம் பெஞ்சுகளில் ஆட்கள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கட்டுப்போட்ட தலையும் குழாய்களும் தெரிந்தன. நர்ஸ் வெளியே வந்து, "இப்ப எதுவும் சொல்றதுக்கில்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பெண் தரையிலேயே முழங்கால் போட்டாள். "ஆரம்பிங்க ஐயா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவரும் முழங்கால் போட்டார். அவள் காத்திருந்தாள். அவள் உதடு துடிப்பதை அவர் பார்த்தார். கழுத்துத் துளையில் தன் மூச்சு உஸ் உஸ்ஸென்று போய்வருவது மட்டும் கேட்டது. ஏமாற்றுகிறோமே என்று கூனிக் குறுகிப்போனார். மேடை வாக்கியங்களில் ஒன்றைப் பிடித்து உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்தார், பாதியில் நின்றது. இரண்டாவதும் நின்றது. பிறகு எதுவுமே இல்லாத ஒரு இடம் வந்தது. அங்கே நிற்கப் பயமாக இருந்தது. அங்கிருந்துதான் அது கிளம்பியது.

'ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல. என்கிட்ட ஒண்ணும் இல்ல. இந்தப் பிள்ளை என்னை நம்பி வந்திருக்கா, நான் வெறுங்கையா உக்காந்திருக்கேன். அவனை எடுத்துடாதீங்க. என் குரலை எடுத்தீங்க, நான் ஏன்னு கேட்டேனா? கேக்காம இருந்தது தப்பு. இப்பக் கேக்குறேன். ஏன்? எங்க இருக்கீங்க? பதில் சொல்லுங்க!'

பதில் வரவில்லை. அவர் விடவும் இல்லை. சண்டைக்காரனைப் போலக் கேட்டுக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியது, கண்ணீர் தாடையில் வழிந்தது. சத்தம்தான் வரவில்லை. எத்தனை நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்கே தெரியாது. கண்ணைத் திறந்தபோது பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் அவர் கண்ணீரைக் கழுத்துத் துளைக்குள் இறங்காமல் துடைத்துவிட்டாள். பிறகு மறுபடி இருவரும் கண்ணை மூடினார்கள்.

மதியத்துக்கு மேல் அவன் இறந்துபோனான்.

அவள் போட்ட கூச்சலில் பெஞ்சில் தூங்கியவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். "கேட்டோமே ஐயா! அவ்வளவு கேட்டோமே!" என்று அவர் மார்பில் குத்தினாள். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். ஆறுதல் வசனம் சொல்ல வாய் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று பிற்பாடு நினைத்துக்கொண்டார். இருந்திருந்தால் ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பார்.

அடக்கத்தை, ஊர் திரும்பிய உதவிப் போதகர் நடத்தினார். மறுநாள் போதகர் தனியாக அவள் வீட்டுக்குப் போனார். அவள் கதவைத் திறந்தாள், ஆனால் முகம் கொடுக்கவில்லை. அவர் அடுப்பங்கரை வாசலில் முழங்கால் போட்டுச் சற்று நேரம் இருந்துவிட்டு வந்தார். அதற்கு மறுநாளும் போனார். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அவளே வந்து பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

"எனக்கு அவர்மேல கோவம் ஐயா" என்றாள். கணவனைச் சொல்கிறாளா, ஆண்டவரைச் சொல்கிறாளா என்று அவர் கேட்கவில்லை. 'எனக்கும்தான்' என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அந்த வாரக் கடைசியில் மூப்பர் வந்தார். "எல்லாரும் கேக்குறாங்க ஐயா, உங்க முடிவு என்னன்னு" என்று இழுத்தார்.

போதகர் சிலேட்டை எடுத்தார். "பிரசங்கத்தை உதவிப் போதகர் பார்த்துக்கொள்ளட்டும். யார் வீட்டில் ஜெபம் வேண்டுமோ சொல்லுங்கள், நான் போகிறேன்."

மூப்பர் படித்துவிட்டுத் தயங்கினார். "எப்படி ஐயா ஜெபிப்பீங்க?"

அவர் எழுதியதை அழித்துவிட்டு, "இன்னும் சரியாகத் தெரியவில்லை" என்று எழுதினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்.